மூச்சடக்கியோரும் மூச்சு விட்டோரும்

குளித்தல் என்றதும் கிணற்றடியிலே வாளியும் கையுமாக நிற்பதே இன்று நம் நினைவுக்கு வருகின்றது. பழந்தமிழில் அச்சொல்லுக்கு உட்புகுதல், மூழ்குதல் என்னும் பொருள்களும் உண்டு. பகைவன் எய்த அம்பு மார்பிலே குளித்தது என்று புலவர் பாடுவர். அங்கே நீருமில்லை, சவர்க்காரமுமில்லை. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களிலே அப்பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கின்றது. கடலுட் குளிப்பவன் குளியாள் எனப்பட்டான். ஈழத்திலே நாம் அவனைச் சுழியோடி என்கின்றோம். முத்துக்குளிப்பு நிகழும் காலத்துக்கும் களத்துக்கும் சலாபம் என்று பெயர். நம் மாவட்டத்துச் சிலாபமும், வடக்கே மன்னார்க் கரையிலுள்ள சிலாவத்துறையும் அச்சொல்லின் வழிவந்த பெயர்கள் என்பர். கடலடியிலுள்ள கற்படுகைக்குப் பார் என்று பெயர். பெரிய பார், கரைத்தீவுப் பார் என முத்துச்சிப்பி விளையும் இடங்களை நம் முன்னோர் வயல்களுக்குப் பெயரிடுவது போலவே பெயரிட்டு வழங்கினர்.

சொல் நம்மிடம் இருக்கின்றது. கடலும் நம்மிடம் இருக்கின்றது. ஆயினும், ஒருவன் முதன்முதலாகக் கடலடிக்குப் போவது எவ்வாறு என்று எவரேனும் வினவினால் நாம் உடனே விடை கூற மாட்டோம். புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் யான். என்னிடம் படித்தவர்களுட் சிலர் கந்தோருக்குப் போயினர்; சிலர் மத்திய கிழக்குக்குப் போயினர்; சிலர் கடலடிக்குப் போயினர். இக்கடைசி வகுப்பினரைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

முதலிலே குளித்தவன் விரும்பிக் குளித்தவன் அல்லன் என்றே பழைய சான்றுகள் காட்டுகின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிபுளூஸ் என்னும் கடல்வழி நூல், பாண்டியருடைய கொற்கையில் முத்துக்குளிக்கும் தொழிலைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் செய்தனர் என்று கூறுகின்றது. நம்முடைய முத்துமாலைகளின் புகழைப் பாடும்போது இச்செய்தியையும் உடன் நினைத்தல் நன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தாற் கட்டுபவர்க்கு முத்திலே இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கின்றார். தமிழிலே அவர்களுக்குக் கடற்கட்டி என்று பெயர். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பவனுடைய அச்சத்தைக் கட்டியது. பிரித்தானியர் ஆட்சியிலும் நெடுங்காலம் கடற்கட்டிகளுக்குக் கூலி கொடுத்தார்கள் என்றால், அவர்கள் இல்லாமற் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தனர் என்பதே காரணம்.

1344ஆம் ஆண்டிலே இபுனு பதூதா என்னும் மொறொக்கோ நாட்டுப் பயணி வந்திறங்கிய இடம் பத்தாளா என்று அவர் நூல் கூறும். அது நம் புத்தளமே என்பது அறிஞர் பலர் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி முத்துக் குவியல்களைக் காட்டி, இத்தகையவற்றை வேறெங்கேனும் கண்டதுண்டோ என்று கேட்டாராம். விருந்தாளி இல்லை என்றாராம். அரசர் மகிழ்ந்தார். அம்முத்தைக் கொண்டு வந்தவன் பெயர் எந்நூலிலும் இல்லை.

பின்வந்த நூற்றாண்டுகளிலே குளிப்பு பரம்பரைத் தொழிலாயிற்று. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் ஆகியோர் மன்னார்க் குடாவிலே கூடினர். 1902இல் ஹெர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியரும் ஜேம்ஸ் ஹோர்னலும் இப்பார்களை ஆராய வந்தனர். அவர்களுடைய அறிக்கை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1905இல் மோதரகம் ஆற்றுக்கு அப்பாலுள்ள மரிச்சுக்கட்டியிலே நிகழ்ந்த சலாபத்திற் குளித்தோர் ஏறத்தாழ 5,000 பேர். எடுத்த சிப்பி ஏறத்தாழ 8 கோடி. அரசுக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபா அளவினது. குளித்தவனுக்கு அவன் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. காட்டோரத்திலே சில மாதங்களுக்கு ஒரு நகரமே எழுந்து மறைந்தது. 1925க்குப் பின் அத்தகைய பெருஞ்சலாபம் நிகழவில்லை.

அவர்கள் குளித்த முறையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். இக்கட்டுரையின் முடிச்சு அதிலேதான் இருக்கின்றது. குளியாள் பாரமான கல்லொன்றிலே கால் வைத்து நிற்பான். கழுத்திலோ இடையிலோ கூடை. படகிலே இருப்பவன் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து மூக்கை அடைத்ததும் கல் அவனைக் கீழே கொண்டு செல்லும். அராபியர் மூக்கிலே கொம்பினாற் செய்த கவ்வியை மாட்டுவர்; நம்மவருக்கு விரல்களே போதும். ஐந்து முதற் பத்துப் பாகம் ஆழத்திலே ஒரு நிமிடமோ, மிஞ்சினால் ஒன்றரை நிமிடமோ சிப்பியை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் விரைந்து இழுப்பான். மூச்சை அடக்கு, விரைந்து எழு: இவ்விரண்டுமே அவ்வித்தையின் இலக்கணம். தகப்பன் மகனுக்குக் கொடுத்ததும் அவ்வளவே.

இனி, வேறொரு கடலுக்குப் போவோம். 1936ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டுத் துலோன் துறைமுகத்தின் அருகே, கார் விபத்திலே கை முறிந்து தேறிக்கொண்டிருந்த கடற்படை அதிகாரி ஒருவரிடம் நண்பரொருவர் நீர்புகாக் கண்ணாடியொன்றைக் கொடுத்தார். அதை அணிந்து நீரினுள்ளே முகத்தை அமிழ்த்திய ஜாக் கூஸ்தோ, அக்கணத்திலே தம் வாழ்க்கை திரும்பிவிட்டது என்று பிற்காலத்தில் எழுதினார். தண்டனையன்று, கடனன்று, பரம்பரையன்று. பார்த்தது போதவில்லை என்னும் ஆசை ஒன்றே அவரைக் கீழே கொண்டு போயிற்று. எமில் கஞ்ஞான் என்னும் பொறியியலாளர், போர்க்காலப் பெற்றோல் தட்டுப்பாட்டிலே மோட்டார் வண்டிகளை எரிவாயுவால் ஓட்டுவதற்காக ஓர் அடைப்பிதழ் செய்திருந்தார். வண்டிக்கு வேண்டிய அளவு வாயுவை வேண்டிய பொழுது கொடுக்கும் அவ்விதழை மனிதனுடைய மூச்சுக்கு ஏற்றவாறு இருவரும் மாற்றியமைத்தனர். 1943இல் அக்கருவி கடலில் வெற்றி பெற்றது. முதுகிலே இறுக்கி அடைத்த காற்றுக் கலம், வாயிலே குழாய். சுவாசிக்கும் கருவியைத் தானே சுமந்து நீந்துவதனால் இம்முறைக்கு ஸ்கூபா என்னும் பெயர் வழங்கலாயிற்று.

கூஸ்தோவின் கருவி பரவிய பத்தாண்டுகளுள் அவ்வாசை நம் தீவையும் வந்தடைந்தது. விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க், 1954இன் இறுதியிலே அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளை நாடிச் செல்லும் வழியிற் கொழும்பிலே இறங்கினார். நம் நாட்டுச் சுழியோடியும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை அதிகாரியுமான றொட்னி ஜொங்க்ளாஸ் அவரைச் சந்தித்தார். 1956இலே கிளார்க் தம் தோழர் மைக் வில்சனுடன் இங்கே குடியேறி, 2008இல் இறக்கும்வரை வாழ்ந்தார். விண்ணிலே செல்வோர் உணரும் எடையின்மையை மண்ணிலுள்ளவன் உணரத்தக்க இடம் கடலே என்பது அவரைச் சுழியோட வைத்த காரணங்களுள் ஒன்று. விண்ணுக்குப் போகும் வழி கடலடியால் இருந்தது என்பது கவிகளுக்கும் தோன்றாத கற்பனை!

ஆக, கடலடிக்கு இரண்டு வாயில்கள். ஒன்று வயிற்றின் வாயில். மற்றையது வியப்பின் வாயில். கற்பிட்டியிலே இவ்விரண்டும் இன்று ஒரே மணற்கரையில் அருகருகே திறந்திருக்கின்றன.

கார்த்திகை முதற் சித்திரை வரை மேல்கடல் அமைந்திருக்கும். அப்பொழுது தேசாந்தரிகள் வருவர். கற்பிட்டிக்கு மேற்கே பார் றீஃப் எனப்படும் பவளப்பாறைத் தொகுதி இருக்கின்றது. ஆங்கிலப் பெயரும் ஒலியால் நம் பார் என்னும் சொல்லையே நினைவூட்டுகின்றது. 1992இலே கடற்சரணாலயமாக்கப்பட்ட அத்தொகுதியின் பரப்பு 300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. 1998இற் கடல் வெப்பமுற்றபோது ஆழங்குறைந்த இடத்துப் பவளங்கள் வெளிறி மாண்டன. மெல்லத் தழைத்து வந்தவை 2016இல் மீண்டும் வெளிறின. ஆயினும் அங்கே மீனுக்குக் குறைவில்லை, வருவோருக்கும் குறைவில்லை.

அவர்களுக்குக் கற்பிக்கும் முறை ஒழுங்கானது. முதலிலே பாடம், பின் ஆழமற்ற அமைதி நீர், அதன்பின் கடல். 200 மீற்றர் நீந்த வேண்டும். பத்து நிமிடம் மிதக்க வேண்டும். முகமூடிக்குள் நீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றவும், வாயிலிருந்து குழாய் நழுவினால் மீட்டு எடுக்கவும் பழக வேண்டும். கடலிலே நான்கு முறை இறங்கித் தேறியவருக்கு 18 மீற்றர் வரை செல்லத்தக்க சான்றிதழ். இவை யாவும் மூன்று நான்கு நாளில் முடியும். பண்டிதப் பரீட்சைக்கு நாங்கள் உழைத்த ஆண்டுகளை எண்ணும்போது இஃது எளிதெனத் தோன்றலாம். ஆனால் அங்கே பிழைத்த விடைக்குப் புள்ளி குறைவதில்லை, உயிர் குறையும்.

என்னிடம் படித்து இப்பொழுது பயிற்றுநராயிருக்கும் ஒருவர், ஒரு நாள் காலையிலே என்னையும் இடுப்பளவு நீரில் முழந்தாளிட வைத்தார். வாயிலே குழாயைக் கவ்வி முகத்தை அமிழ்த்தியதுமே என் மூச்சுத் தானாக நின்றது. நீருக்குள்ளே மூச்சிழுக்கலாகாது என்பதை உடல் பிறவியிலேயே கற்றிருக்கின்றது. ஐம்பது கடந்த உடல் அதை இலகுவில் மறப்பதில்லை. என் தோளைத் தட்டி எழுப்பி, “சேர், பயப்பட வாணாம். மூச்ச எடுங்க, உடுங்க. நிப்பாட்ட மட்டும் வாணாம்” என்றார். இரண்டாம் முறை காற்று வந்தது. காதிலே என் மூச்சின் ஒலி பெரிதாகக் கேட்டது. மூக்கின் முன்னே விரல் நீளமுள்ள குஞ்சு மீனொன்று நின்று என்னைப் பார்த்தது. கூஸ்தோ கூறியது மிகையன்று என்று அறிந்தேன்.

வயிற்றின் வாயிலால் நுழைபவனுக்கு இப்பாடங்கள் எவையுமில்லை. கடலட்டையும் சங்குமே அவனுக்குரிய பொருள்கள். நம் நாட்டிலே கடலட்டையை உண்பாரில்லை. அவித்து உலர்த்திச் சீனர் வாழும் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றோம். அதற்கு நல்ல விலை. பதினெட்டு வயதிலே ஒருவன் நானாவுடன் படகிலே போவான். முதலிலே சிலிண்டர் தூக்குவான். பின் இயந்திரம் பிடிப்பான். ஒரு நாள் ஆள் குறையும். “நீ இறங்குடா” என்பார் நானா. குழாயைக் கவ்வக் காட்டுவார். பாடம் முடிந்தது. கரையோரத்து அட்டை அருகிவிட்டதனால் அவன் இறங்கும் ஆழம் ஆண்டுதோறும் கூடுகின்றது. ஒரு நாளிலே ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிலிண்டர் முடிக்கின்றான். அட்டைக்கும் சங்குக்கும் சட்டப்படி உரிமம் வேண்டும். அவ்வுரிமம் கடலுள் இறங்க விடுமேயன்றி, எழுவதெப்படி என்று கற்பிக்காது.

எழுதலிலே அப்படி என்ன இருக்கின்றது? பத்து மீற்றர் நீர், ஒரு வளிமண்டலத்தின் அழுத்தத்துக்குச் சமம். பத்து மீற்றர் ஆழத்திலே அழுத்தம் இருமடங்கு, இருபதிலே மும்மடங்கு. மூச்சடக்கிச் செல்லும் குளியாளின் நெஞ்சிலுள்ள காற்று கீழே போகப்போகச் சுருங்கும். மேலே வரும்போது முன்னிருந்த அளவுக்கே விரியும், அதற்குமேல் விரியாது. அவன் மூச்சை அடக்குவதிலே கேடில்லை. சிலிண்டருடன் செல்பவனோ ஆழத்திலே, அவ்விடத்து அழுத்தமுள்ள காற்றால் நெஞ்சை நிரப்புகின்றான். பத்து மீற்றரிலே நிறைந்த நெஞ்சை மூடிக்கொண்டு அவன் எழுவானாயின் அக்காற்று இருமடங்காக விரியும்; நுரையீரல் கிழியும். ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட ஆழத்திலிருந்து மூச்சடக்கி எழுவதே உயிருக்கு ஆபத்து.

இரண்டாவது கேடு இன்னும் கரவானது. அழுத்தத்திலே காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. மெல்ல எழுந்தால் வந்த வழியே மூச்சில் வெளியேறும். விரைந்து எழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல உடலினுள்ளே குமிழி கட்டும். மூட்டு நோகும், முள்ளந்தண்டைப் பற்றினால் கால் விழும். ஒரு நிமிடமே கீழே நின்ற முத்துக்குளியாளுக்கு இந்நோய் பெரும்பாலும் இல்லை. நியூயோர்க்கிலே புரூக்ளின் பாலம் கட்டுவதற்காக அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளில் ஆற்றடியிலே வேலை செய்தவர் பலர் அதனால் விழுந்தனர். தலைமைப் பொறியியலாளர் உறோப்லிங்கே 1872இல் நோயுற்றார். 1908இலே ஹோல்டேன் என்னும் அறிஞர் வெள்ளாடுகளை அழுத்த அறையிலே வைத்துச் சோதித்து, எவ்வாழத்திலிருந்து எவ்வாறு தங்கித் தங்கி எழ வேண்டும் என்னும் அட்டவணையை வெளியிட்டார். இன்று நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் எழலாகாது, ஐந்து மீற்றரிலே மூன்று நிமிடம் தங்க வேண்டும் என்று தேசாந்தரிகளுக்குக் கற்பிப்பது அவ்வழி வந்த அறிவே.

மூச்சை அடக்கு, விரைந்து எழு என்பது பழைய வித்தை. மூச்சை அடக்காதே, விரைந்து எழாதே என்பது புதிய வித்தை. ஓரெழுத்தும் மாறாமல் எதிர்மறை! பாட்டனாரிடமிருந்து வந்த துணிவும் நீச்சலும் நம் இளைஞனுக்குச் செல்வமே. அவரிடமிருந்து வந்த விதியோ கொலைக்கருவி. கருவி மாறும்போது இலக்கணமும் மாறும் என்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

என் மாணாக்கருள் ஒருவர் வகுப்பிலே வெண்பாவை இசையோடு படிக்கும் திறமையர். அட்டைத் தொழிலுக்குப் போனார், வீடு கட்டினார், தங்கைக்குத் திருமணம் செய்துவைத்தார். ஒரு நாள் நான்காவது சிலிண்டர் திடீரெனத் தீர்ந்தது. நேரே எழுந்தார். படகிலே ஏறி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சற்று நேரத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பழையோர் சொற்படி, வலி தீர மீண்டும் கீழே இறக்கலாமா என்று படகிலே வாதாடினார்களாம்; நல்ல வேளையாக இறக்கவில்லை. மீண்டும் அழுத்தத்தில் வைத்து மெல்லத் தணிக்கும் அறை உள்ள இடத்தை அவர் சென்றடைவதற்குள் இரண்டாம் நாள் ஆயிற்று. இப்பொழுது கோலூன்றி நடக்கின்றார். பார்க்கப் போனபோது, “சேர், வாப்பா சொன்னாரு, மேல வாற வரைக்கும் மூச்ச உடாதேன்னு. அல்லாஹ்ட காவல், அண்டைக்கு அது மட்டும் ஏலாமப் போச்சு” என்றார். நீருக்குள்ளே அவர் அலறியிருக்கின்றார். அந்த அலறலே அவர் நெஞ்சைக் காத்தது.

தேசாந்தரிகளுக்குக் கற்பிக்கும் நூல்கள் ஆங்கிலத்திலே இருக்கின்றன. பிரெஞ்சிலும் ஜெர்மனியிலும் சீனத்திலும் இருக்கின்றன. முதற் குளியாளைப் பெற்ற மொழியிலே படகுப் பையன் கையில் வைத்துப் படிக்க ஓர் ஏடு என் கண்ணிற் படவில்லை. பயிற்றுநரான மாணாக்கர் பொருளைச் சொல்ல, யான் தமிழ்ப்படுத்த, கோலூன்றும் மாணாக்கர் தமது வீட்டுத் திண்ணையிலிருந்து திருத்த, ஒரு தாள் அளவிலே விதிகளை எழுதினோம். ‘சுவாசத்தை இடையறாது நிகழ்த்துக’ என்று யான் எழுதியதை அவர் வெட்டி, ‘மூச்ச நிப்பாட்டாதே’ என்று போட்டார். ‘குமிழியினும் விரைந்து எழற்க’ என்பதும் வெட்டுண்டது. ‘உன்ட சின்னக் குமிழிய முந்தி ஏறாதே’ என்பது நின்றது. ‘எழற்க’ என்னும் எதிர்மறை வியங்கோளின் அழகை யான் எடுத்துக் கூறினேன். “படகுல ஆருக்கு சேர் விளங்கும்?” என்றார். விட்டுக்கொடுத்தேன்.

தாளின் அடியிலே பெயர், ஆழம், இறங்கிய நேரம், ஏறிய நேரம் என நான்கு கட்டம் கீறச் சொன்னவரும் அவரே. பொலித்தீன் உறையிட்ட அத்தாள் இப்பொழுது படகுத்துறைக் கொட்டிலொன்றிலே சிலிண்டர் சாத்தும் பலகைக்கு மேலே தொங்குகின்றது. சென்ற கிழமை பார்த்தபோது பதினொரு பெயர் இருந்தன. ஆழமும் இறங்கிய நேரமும் எல்லோரும் எழுதியிருந்தனர். ஏறிய நேரத்தை எழுதியவர் நால்வர்.